டீகே கலையரசன்

2015ஆம் ஆண்டுக் கார்த்திகை மாதம். மழை விட்டுவிட்டுப் பெய்து ஊரையே ஊறவைத்திருந்த நேரம். திருவண்ணாமலையின் செங்கம் சாலையில், ஆசிரமத்துக்குச் சற்றுத் தள்ளியிருந்த பொன்னம்மாவின் வீட்டு வாசலில் கலையரசன் முதன்முதலாக வந்து நின்றது அப்போதுதான். கையில் குடை இல்லை. கண்ணில் கறுப்புக் கண்ணாடி இருந்தது. மழைநாளில் கறுப்புக் கண்ணாடி அணிந்து வருபவரிடம் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று பொன்னம்மாவுக்குத் தோன்றியது. ஆயினும், வாசலுக்கு வந்தவரை வரவேற்பது குடும்ப வழக்கம். "வாங்க" என்றார்.

பொன்னம்மா அரசுப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்றவர். சமண நயினார் குடும்பத்துப் பெண். பொழுது சாய்ந்த பிறகு உணவைத் தொடமாட்டார்; பிழையான வாக்கியத்தை எந்தப் பொழுதிலும் தொடமாட்டார். மறைந்த கணவர் கட்டிய வீட்டின் மாடியில் தனியே வாழ்ந்தார். கீழ்த்தளம் காலியாக இருந்தது. வந்தவர் கேட்டதும் அதைத்தான்.

"கஃபே வைக்கப்போறேன் டீச்சர். ஃபாரினர்ஸுக்கு."

"நீங்க யாரு?"

"டீகே."

"அது ஒரு பேரா?"

"டி. கலையரசன். டீகேன்னா டவுன்ல எல்லாருக்கும் தெரியும்."

"எனக்குத் தெரியலையே."

"நீங்க வெளிய வர்றது கம்மி டீச்சர்."

"டின்னா என்ன?"

கலையரசன் சாலையைப் பார்த்தார். ஒரு பேருந்து சேற்றை வாரி இறைத்துக்கொண்டு போனது. "துரைசாமி" என்றார், பேருந்தின் இரைச்சலுக்குள்.

"அப்பா பேரு துரைசாமின்னா, து. கலையரசன்னு போடணும். தமிழ்ப் பேருக்கு முன்னால தமிழ் எழுத்துத்தானே?"

"துன்னு போட்டா யாரோ துப்புற மாதிரி இருக்குது டீச்சர்."

பொன்னம்மா அவரை ஏறிட்டுப் பார்த்தார். அந்த மனிதருக்கு வீட்டை விடலாகாது என்று அப்போதே முடிவுசெய்தார். மூன்றாம் நாள் விட்டார். காரணம், கலையரசனுடைய மனைவி கன்னியம்மாள். கணவருக்குப் பின்னால் நனைந்தபடி நின்றிருந்த அந்தப் பெண், போகும்போது வாசலில் தன் காலால் பட்ட சேற்றைத் தன் முந்தானையாலேயே துடைத்துவிட்டுப் போனார். அப்படிப்பட்டவருக்கு இப்படியொரு கணவர் வாய்த்ததே போதுமான தண்டனை. வீடும் இல்லாமல் அலைய வேண்டுமா என்று பொன்னம்மா நினைத்தார்.

கலையரசனின் பூர்வீகத்தைச் சொன்னவர் வேடியப்பன். காய்கறிச் சந்தையில் கடை வைத்திருந்த அவர், காலையில் மொபெட்டில் கீரையும் காயும் கொண்டுவந்து தருவார். பொன்னம்மா கிழங்குகளை வாங்கமாட்டார் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் நாள்தோறும் உருளைக்கிழங்கு வேண்டுமா என்று கேட்பார்.

"கீழ குடிவந்திருக்கிறது யாருன்னு தெரியுமாம்மா? அழுகல் துரைசாமி மவன்."

"என்ன சாமி?"

"அழுகல் துரைசாமி. பொழுது எறங்குற நேரத்துல மார்க்கெட்டுக்கு வருவாரு. கடைக்காரங்க தூக்கிப்போடற தக்காளி, கத்திரிக்கா, கொய்யா எல்லாத்தையும் கூடையில வாரிக்குவாரு. ஒக்காந்து கெட்டத நறுக்கிப் போட்டுட்டு, நல்லத மட்டும் கூறு கட்டி விப்பாரு. இல்லாதப்பட்டவங்க வாங்கிக்குவாங்க. நல்ல மனுஷன்தான். ஆனா பேரு? அது ஒட்டிக்கிச்சு. இவன் இஸ்கூலுக்குப் போனா பசங்க மூக்கைப் பொத்துவானுங்க. அதான் ஏழாவதோட நின்னுட்டான்."

அந்த நாற்றத்திலிருந்து ஓடுவதுதான் கலையரசனின் வாழ்க்கை வரலாறு. வேறு வரலாறு அவருக்கு இல்லை. விடுதிகளில் அறை துடைத்தார். வெளிநாட்டவரை ஏற்றி ஆட்டோ ஓட்டினார். அவர்களிடம் காதால் கேட்ட ஆங்கிலத்தை வாயால் திருப்பித் தந்தார். ஆட்டோவின் முதுகில் 'டீகே' என்று எழுதிக்கொண்டார். கலையரசன் என்று கூப்பிட்டாலே, கூப்பிட்டவர் அடுத்து அப்பா பெயரைச் சொல்லிவிடுவாரோ என்று பயம். அந்தப் பயத்தை மறைக்க அவர் கண்ட வழி, உலகத்தில் உள்ள எல்லாரையும் இகழ்வது. பௌர்ணமிக்கு மலை சுற்றுபவர்கள் வேஸ்ட். செருப்பில்லாமல் நடந்து காலைப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள். சுற்றாதவர்கள் அதைவிட வேஸ்ட், நாத்திகர்கள். பக்கத்துச் சிற்றுண்டிக் கடை வேஸ்ட், எதிரிலிருந்த தையற்காரர் வேஸ்ட், அடி அண்ணாமலையிலிருந்து பால் கொண்டுவருபவர் தண்ணீர் கலக்கும் வேஸ்ட். காபி குடிக்க வந்த வெளிநாட்டவர்கூட, எழுந்து போனதும் வேஸ்ட் ஆனார்கள்: "ஊருல வேலைவெட்டி இல்லாத கூட்டம் டீச்சர். கண்ணை மூடிக்கினு ஒக்காந்தா சம்பளம் வருமா?"

பெயர்ப்பலகை வந்த அன்று பொன்னம்மா மாடி முகப்பிலிருந்து கீழே பார்த்தார். பச்சை நிறத்தில் பெரிய பெரிய ஆங்கில எழுத்துகள். டி, ஈ, சி, ஏ, ஒய். அதன்பின் கஃபே. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் அணிந்தார். எழுத்துகள் மாறவில்லை. முப்பத்து நான்கு ஆண்டுகள் பிழை திருத்திய கை தானாகவே சிவப்புப் பேனாவைத் தேடியது. படியிறங்கிப் போனார்.

"இதை யார் எழுதினது?"

"போன் போட்டுக் குடுத்துச்சு டீச்சர். மைக்கை அமுக்கி 'டீகே'ன்னு சொன்னேன். டக்குனு வந்துச்சு. எல்லாரும் புள்ளி வெச்சு ரெண்டெழுத்துப் போடறானுங்க. இது ஒரே வார்த்தை. ஸ்டைலு."

"அது வேற வார்த்தைப்பா. பல்லு கெட்டுப்போறதுக்குச் சொல்ற வார்த்தை."

கலையரசன் சிரித்தார். பெயர்ப்பலகையைத் தூக்கிப் பிடித்திருந்த கன்னியம்மாளைப் பார்த்து, "டீச்சருக்கு இன்னும் பழைய சிலபஸ்" என்றார். பிறகு பொன்னம்மாவிடம் திரும்பினார். "தெரியும் டீச்சர். பேஸ்ட் விளம்பரத்துல வருதே. பல்லுக்கு இருக்குற டீகே வேற, இந்த டீகே வேற. போன் தப்பாப் போடுமா? அமெரிக்காக்காரன் செஞ்சது."

அதற்கு மேலும் சொல்லியிருக்கலாம். அந்தச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று பொன்னம்மாவுக்குத் தெரியும். வேடியப்பன் சொன்ன பட்டப்பெயரும் தெரியும். இரண்டும் ஒன்றே என்று ஒரு மனிதரின் முகத்துக்கு நேரே, அவர் மனைவியின் முன்னால் சொல்வது நாகரிகம் அன்று. மேலும், அமெரிக்காக்காரன் செய்த கைப்பேசியை நம்புபவருக்கு அரசுப் பள்ளி ஆசிரியை எம்மாத்திரம்? அவர் படியேறிவிட்டார்.

கஃபே ஓகோவென்று நடந்தது. அதுதான் பொன்னம்மாவால் பொறுத்துக்கொள்ள முடியாமற்போனது. கன்னியம்மாளின் கைப்பக்குவம் ஒரு காரணம்; பெயர்ப்பலகை மற்றொரு காரணம். வெளிநாட்டவர் கும்பல் கும்பலாக அதன்கீழ் நின்று படம் எடுத்தார்கள். நிலையாமையை உணர்ந்த ஒரு ஞானி வைத்த பெயர் என்று அவர்களாகவே பொருள் கண்டுபிடித்தார்கள். சொந்த ஊரில் பல் சொத்தை என்றால் மருத்துவரிடம் ஓடுபவர்கள், இங்கே அதே சொல்லின் கீழ் அமர்ந்து இஞ்சித் தேநீர் குடித்துப் பேரின்பம் அடைந்தார்கள். சடைமுடி வளர்த்திருந்த ஒருவர் ஒரு நாள் கலையரசனின் இரு கைகளையும் பற்றிக் கண்ணீர் மல்க ஏதோ சொல்லிவிட்டுப் போனார். கலையரசன் மூச்சு வாங்க மாடிக்கு வந்தார்.

"டீச்சர், 'எவ்ரிதிங் ஈஸ் டீகே'ன்னு சொல்றான் டீச்சர்! எல்லாமே நாந்தானாம்!"

பொன்னம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "சரியாத்தான் சொல்லியிருக்கார்" என்றார்.

அன்றிலிருந்து கலையரசனின் நடை மாறியது. வெள்ளைச் சட்டைக்கு மேல் ஒரு துண்டு வந்தது. வாடிக்கையாளருக்குப் பில் தரும்போது கண்ணை ஒரு கணம் மூடித் திறந்தார். பணத்தை வாங்கும்போது மட்டும் மூடவில்லை.

இப்படிச் சில ஆண்டுகள் ஓடின. நோய்த்தொற்றுக் காலத்தில் மூடிக் கிடந்த கடை மறுபடி திறந்தது. ஒரு பௌர்ணமிக்குச் சென்னையிலிருந்து வந்த இளைஞர் கூட்டம் கடையில் தோசை தின்றது. தின்றவர்களில் ஒருவன் பெயர்ப்பலகையின் முன் நின்று, கைப்பேசியில் தன்னையே படம் பிடித்தபடி பேசினான்: "மக்களே, திருவண்ணாமலையில இருக்கோம். கடைப் பேரைப் பாருங்க. தமிழ்ல சொன்னா, அழுகல் கஃபே! தோசை மட்டும் ஃபிரெஷ்ஷு."

இரண்டு நாளில் அந்தக் காணொளி சந்தைக்கு வந்து சேர்ந்தது. வேடியப்பன் மொபெட்டை நிறுத்தும் முன்பே சிரித்துக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களாம்மா கூத்த? அப்பன் வித்த சரக்கையே மவன் போர்டு போட்டு விக்கிறான்! மார்க்கெட்டே சிரிக்குது. அழுகல் கட திரும்ப வந்துடுச்சுன்னு பழைய ஆளுங்க எல்லாம் துரைசாமிய நெனச்சுக்கினாங்க."

"கீரைக்கட்டு வாடியிருக்கே" என்றார் பொன்னம்மா.

"வாடல்தாம்மா. அழுகல் இல்ல" என்று சொல்லி, வேடியப்பன் மறுபடியும் சிரித்தார்.

அன்று பிற்பகல் கலையரசன் மாடிக்கு வந்தார். துண்டு இல்லை. கறுப்புக் கண்ணாடியும் இல்லை. கண்ணாடி இல்லாத கண்கள் சின்னதாக, வெளிச்சத்துக்குப் பழகாதவையாக இருந்தன. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"அந்த வார்த்தைக்கு வேற அர்த்தம் இல்லையா டீச்சர்?"

"எந்த வார்த்தைக்கு?"

"போர்டுல இருக்கிறதுக்கு. பல்லு இல்லாம. அந்த... மார்க்கெட் அர்த்தமும் இல்லாம. இங்கிலீஷ்ல ஒரு வார்த்தைக்குப் பத்து அர்த்தம் இருக்கும்னு சொல்வாங்களே. மரியாதையா ஒன்னு சொல்லுங்க. மெனு கார்டுல அடிச்சுடறேன்."

பொன்னம்மாவுக்கு அந்த நேரம் இனித்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தின்மேல் அவருக்கு ஒரு பழைய குறை உண்டு. தமிழில் சோறு ஊசும், பழம் அழுகும், மரம் உளுக்கும், துணி இற்றுப்போகும், ஓலை செல்லரிக்கும், சருகு மக்கும், பல் சொத்தையாகும். ஒவ்வொரு பொருளும் தனக்குரிய வினையோடு, தனக்குரிய மரியாதையோடு கெடும். ஆங்கிலேயரோ பல்லையும் மரத்தையும் பேரரசையும் ஒரே கூடையில் கொட்டிவிடுவர். அந்தக் கூடையைத்தான் இந்த மனிதர் தலையில் வைத்துக்கொண்டு இத்தனை ஆண்டுகள் ஊர்வலம் போனார்.

"கட்டடம் இடிஞ்சு பாழாப்போறதுக்குச் சொல்வாங்க" என்றார்.

"வேணாம். உங்க வீட்டு மேல போர்டு இருக்குது."

"நாடு சீரழியறதுக்கும் சொல்லலாம்."

"கேஸு போட்டுடுவாங்க டீச்சர். வேற?"

"சங்கீதக்காரங்க சொல்வாங்க. மணி அடிச்சதும் சத்தம் கொஞ்சம் கொஞ்சமா கம்மியாகுது பாருங்க, அதுக்கு."

கலையரசன் நிமிர்ந்தார். "மணிச்சத்தமா! கோயில் மணி! அது போதும் டீச்சர்."

"மணிச்சத்தம் இல்லைப்பா. மணிச்சத்தம் ஓஞ்சுபோறது."

"அவ்ளோ டீப்பா யாரு கேக்கப்போறாங்க?"

"நான் கேப்பேன்."

"வேற ஒன்னுமே இல்லையா?"

"அணுவுக்குச் சொல்வாங்க. சில அணு தானாவே சிதைஞ்சு வேற ஒன்னா மாறிடும்."

"அணுவா? அணுகுண்டு அணுவா?"

"அதேதான்னு வெச்சுக்குங்க."

அடுத்த வாரமே பெயர்ப்பலகையின் இரு பக்கங்களிலும் அணுவின் படம் முளைத்தது. நடுவில் ஒரு பொட்டு, சுற்றிலும் மூன்று வளையங்கள். கலையரசன் வருவோர் போவோரிடமெல்லாம் அணு சக்தியைப் பற்றிப் பேசினார். இமயமலையைப் பார்க்க வந்து வழிதவறியவர்போல வெளிநாட்டவர் விழித்தனர். சந்தைக்காரர்கள் படத்தைப் பார்த்து, தக்காளிமேல் ஈ மொய்க்கிறது என்றார்கள். உண்மையில் அப்படித்தான் இருந்தது.

"போர்டை மாத்திடுங்களேன்" என்று பொன்னம்மா ஒரு முறை சொன்னார். "கன்னியம்மாள் கஃபேன்னு வைங்க. சமைக்கிறவங்க அவங்கதானே?"

"மாத்துனா அவனுங்க சொன்னது நெசம்னு ஆயிடும் டீச்சர்."

இந்த ஒரு வாக்கியத்தில்தான் பொன்னம்மாவால் பிழை காண முடியவில்லை. அதனாலேயே எரிச்சல் கூடியது.

சர்க்கரை நோய் கலையரசனுக்கு வெகுநாள்களாக இருந்தது. மாத்திரை வேஸ்ட் என்பது அவர் கொள்கை. 2023ஆம் ஆண்டு இறுதியில் புதுச் செருப்பு கடித்து இடக்கால் பெருவிரலில் ஒரு புண் வந்தது. வெள்ளைக் காலுறை போட்டு மூடினார். அதன்மேல் ஷூ போட்டார். யாராவது கேட்டால் நரம்பு பிசகியிருக்கிறது என்றார். மூடிவைத்த புண்ணுக்கு எது நேருமோ அது நேர்ந்தது. முதலில் அறிந்தது கன்னியம்மாளின் மூக்கு. பின் கடைக்கு வந்தவர்களின் மூக்குகள். அவர்கள் எழுந்து வேறு மேசைக்குப் போனார்கள். பிறகு வேறு கடைக்குப் போனார்கள்.

கன்னியம்மாள் அழுது அரற்றி அவரை உள்ளூர் மருத்துவர் ஒருவரிடம் இழுத்துப் போனார். திரும்பி வந்து பொன்னம்மாவிடம் தலையில் அடித்துக்கொண்டார்.

"டாக்டரோட சண்ட போட்டுட்டு வந்துட்டாரும்மா! டாக்டர் பாத்துட்டு, 'விரலு அழுகிடுச்சுங்க, ஒடனே எடுக்கணும்'னாரு. இவரு, 'வார்த்தைய அளந்து பேசுங்க டாக்டர்'ங்கறாரு! அவரு பாவம் பயந்துட்டாரு. அப்புறம் இங்கிலீஷ்ல கேங்கிரீன்னு சொன்னாரு. 'அப்படிச் சொல்லுங்க'ன்னு எழுந்து வந்துட்டாரும்மா. எடுக்கவே விடல."

கேங்கிரீன் என்ற சொல் கலையரசனுக்குப் பிடித்திருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த விருதைப் போல அதைச் சொல்லிக்கொண்டார். விரலை எடுத்தால் ஊருக்குத் தெரியும். தெரிந்தால் சந்தையில் என்ன சொல்வார்கள் என்பது அவருக்குத் தெரியும். அழுகல் மகனுக்குக் கால் அழுகிவிட்டது. அந்த ஒரு வாக்கியத்தை யாரும் சொல்லக்கூடாது என்பதற்காக, விரலோடு போயிருக்க வேண்டியதைப் பாதம்வரை ஏறவிட்டார். ஒரு பட்டப்பெயருக்கு அஞ்சிக் காலைக் கொடுக்கும் மனிதரை எந்த மொழியில் எந்தச் சொல்லால் குறிப்பது என்று பொன்னம்மா யோசித்தார். ஊசிப்போனவர் என்றால் அகங்காரத்துக்குப் பொருந்தும்; உளுத்தவர் என்றால் அச்சத்துக்குப் பொருந்தும். எதையும் முடிவுசெய்யாமல், அவருக்குக் கேட்கும்படி மாடியிலிருந்தே ஒரு நாள் உரக்கச் சொன்னார்: "வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போங்க. கால் இல்லாதவங்க எத்தனையோ பேரு இந்த மலையச் சுத்துறாங்க."

"அவங்க அப்பா எல்லாம் வேற டீச்சர்" என்று கீழிருந்து பதில் வந்தது.

தை மாதத்தில் ஒரு காலையில் காய்ச்சல் உச்சிக்கு ஏறிப் பிதற்றத் தொடங்கிய பிறகுதான் ஆம்புலன்ஸ் வந்தது. பிதற்றல் சற்றுத் தெளிந்த நேரத்தில், டீச்சரைக் கூப்பிடச் சொன்னார். பொன்னம்மா இறங்கி வந்தார். முந்தானையால் மூக்கை மூடலாமா கூடாதா என்று ஒரு கணம் தயங்கி, மூடாமல் நின்றார். ஆம்புலன்ஸ் படுக்கையில் தூக்கிவைக்கப்பட்ட கலையரசன் கை காட்டி ஓட்டுநரை நிறுத்தினார்.

"டீச்சர், போஸ்டர் அடிப்பானுங்க."

"என்ன போஸ்டர்? நீங்க போயிட்டு வாங்க."

"கண்ணீர் அஞ்சலி போஸ்டரு. எங்கப்பா செத்தப்ப மார்க்கெட் சங்கத்துல அடிச்சானுங்க. பேருக்கு முன்னாடி அந்தப் பட்டத்தைப் போட்டுத்தான் அடிச்சானுங்க. ஏன்டான்னா, போடலைன்னா யாருக்கும் ஆளு தெரியாதாம். நான்தான் ஒவ்வொரு சொவருலயும் போயி கிழிச்சேன்."

கன்னியம்மாள் அவர் வாயைப் பொத்த வந்தார். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"எனக்கும் அதான் போடுவானுங்க. துரைசாமி மவன்னு அப்பாவோட பட்டம் ஒன்னு. கீழ கடைப் பேரு ஒன்னு. ரெண்டு வாட்டி."

"போட மாட்டாங்க."

"பொய் சொல்லாதீங்க டீச்சர். உங்களுக்கு வராது."

வேலூரிலிருந்து கலையரசன் திரும்பவில்லை. சுவரொட்டியை யார் அடித்தார்கள், அதில் என்ன இருந்தது என்பதைச் சந்தைப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள், பொன்னம்மா போகவில்லை. ஆம்புலன்ஸின் கதவை மூடும் முன், பொன்னம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டதுதான், அவர் கடைசியாக ஒருவரிடம் கேட்டது.

"அழுகலுக்கு ஆப்போசிட் வார்த்தை இன்னா டீச்சர்? யோசிச்சு சொல்லுங்க. போஸ்டர்ல எம்பேருக்கு முன்னால அதைப் போடச் சொல்லுங்க."